மேற்கட்டி வானமும் மெய் வானமும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்து ஆண்டுகள் பாட்டைப் பேணி வந்த ஓர் அமைப்பின் விழாவில் ஒரு மின்கருவியைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அக்கருவி இன்று பல வீடுகளின் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. விளக்கை அணைத்துப் பொத்தானை அழுத்தினால் கூரை முழுவதும் விண்மீன்கள் பூக்கின்றன. குழந்தைகள் அண்ணாந்து பார்த்தபடியே உறங்கிப் போகின்றனர். விண்மீனைப் பாடுவோர் நிறைந்த அவையில், கூரைக்குள் வந்த வானம் கவிஞனுக்கு வரவா, இழப்பா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

கருவி வந்த வழி

வீட்டுக் கூரையில் வானத்தை அமைக்கும் ஆசை புதியதன்று. 1774ஆம் ஆண்டு மே மாதத்தில் சில கோள்கள் நெருங்கித் தோன்றின. அதனால் உலகம் அழியும் என்ற அச்சம் நெதர்லாந்து நாட்டில் பரவியது. அவ்வச்சத்தைப் போக்க எண்ணினார் பிரானெக்கர் என்னும் சிற்றூரில் கம்பளி சீவும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா. தம் வீட்டுக் கூடத்தின் கூரையில், கடிகாரத்தால் இயங்கும் கோள் மண்டலம் ஒன்றை 1781க்குள் அமைத்து முடித்தார். அது இன்றும் இயங்குகிறது. 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஒரு தொழிலாளி தம் ஊராரின் அச்சம் நீங்கக் கூரையில் வானை எழுதினார் என்பது கருதத்தக்கது.

ஒளியால் விண்மீன்களைக் கூரையில் விழச் செய்யும் கருவியை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சார்ந்த வால்தர் பவர்ஸ்பெல்ட் வடிவமைத்தார். 1923 அக்டோபரில் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் அது முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. ஆளுயரத்தை மிஞ்சும் அத்தகைய கருவிகளை நாடுகளும் பெருநகரங்களுமே வாங்க முடிந்தது. அமெரிக்கரான ஆர்மண்ட் ஸ்பிட்ஸ், 1947இல் துளைகள் வழியே ஒளியைச் செலுத்தும் எளிய கருவியை 500 டாலர் விலையில் கொண்டு வந்தார். அதன்பின் பள்ளிகளும் கோளரங்கம் அமைக்கத் தொடங்கின. தமிழகத்தில் சென்னைக் கோட்டூர்புரத்தின் பிர்லா கோளரங்கம் 1988இல் திறக்கப்பட்டது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மாணவர்க்கு அண்மையில் இருப்பது புதுவை இலாசுப்பேட்டைக் கோளரங்கம்.

பெருங்கருவியை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கியவர் சப்பானியரான ஒஹிரா தகாயுகி. அவர் உருவாக்கிய ‘ஹோம்ஸ்டார்’ என்னும் கருவியைச் சேகா டாய்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்டது. உருண்டை வடிவான அக்கருவியினுள் ஒரு வலுவான சிறு விளக்கு, அதன்முன் வானத்தின் படம் பதித்த மெல்லிய வட்டு, அதற்கும் முன்னே கண்ணாடி வில்லை ஆகியவை உள்ளன. அவ்வட்டில் பல்லாயிரம் விண்மீன்கள் புள்ளிகளாகப் பதிந்துள்ளன. தெளிந்த இருட்டில் வெறுங்கண்ணுக்கு ஒரே வேளையில் தோன்றும் விண்மீன்கள் சுமார் 3,000 மட்டுமே. அப்படியாயின், கண் காணும் வானினும் செறிந்த வானம் கூரையில் விழுகிறது எனலாம்.

பெயருள்ள மீனும் பெயரில்லாப் புள்ளியும்

கடைகளில் ‘விண்மீன் விளக்கு’ என்று விற்கப்படுபவை யாவும் இவ்வகையின அல்ல. மலிவானவை பலவற்றில் வானத்தின் படமே இருப்பதில்லை. ஒரு பச்சை லேசர் கதிர், நுண்கோடுகள் இட்ட தகட்டின் வழியே சிதறி ஆயிரம் புள்ளிகளாகிறது. வண்ண விளக்கின் அலையொளி மேகம்போல் அதன்மேல் தவழ்கிறது. காண்பதற்கு அழகுதான். ஆனால் அதில் கார்த்திகை இல்லை, திருவாதிரை இல்லை, எழுமீன் இல்லை. எந்தப் புள்ளிக்கும் பெயர் இல்லை. அக்கருவியின் வாயிலை நேரே உற்று நோக்குவது கண்ணுக்குக் கேடும் ஆகும்.

இவ்வேறுபாடு கவிஞர்க்கு மிக நெருங்கிய ஒன்று. இன்றைய கவிதைகள் பலவற்றில் ‘நட்சத்திரங்கள்’ என்று பன்மையிலேயே வருகின்றன. அவை மின்னுகின்றன; உதிர்கின்றன; சிரிக்கின்றன. எந்த நட்சத்திரம், எந்தத் திசையில், எந்த மாதத்தில் என்று கேட்டால் பாட்டில் விடை இல்லை. லேசர் விளக்கின் புள்ளிகளும் அக்கவிதைகளின் விண்மீன்களும் ஓரினத்தைச் சேர்ந்தவை. சங்கச் சான்றோரோ கார்த்திகையை ஆரல் என்றும் அறுமீன் என்றும் குறித்தனர். சனியை மைம்மீன் என்றனர். வைகறையில் தோன்றுவதை வைகுறுமீன் என்றனர். பெயரிட்டு அறிந்த பின்னரே அவற்றை உவமையாக்கினர்.

இலக்கியத்தில் வீட்டு வானம்

கூரைக்குள் வானம் காணும் காட்சி தமிழுக்குப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் அதனைக் காட்டுகிறார். பாண்டியன் பாசறையில் இருக்கிறான். அரசி அரண்மனைக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். கட்டிலின்மேல் மெழுகு பூசிய துணியாலான மேற்கட்டி உள்ளது. ஆட்டினைத் தலையாகக் கொண்ட இராசி மண்டிலமும், திங்களும், அதனைப் பிரியாத உரோகிணியும் அதில் ஓவியமாக எழுதப்பட்டுள்ளன. அவ்வுரோகிணியை நோக்கி அரசி பெருமூச்செறிகிறாள்.

இக்காட்சியின் நுட்பம் முழுவதும், வானத்தை அறிந்தவர்க்கே விளங்கும். பாட்டின் காலம் கூதிர், பொழுது நள்ளிரவு. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களின் நள்ளிரவில் உரோகிணி உச்சியை ஒட்டி நிற்பது. ஆனால் வெளியே மழைமுகில் சூழ்ந்துள்ளது. மெய்யான உரோகிணி கண்ணுக்குப் புலப்படாது. அரசிக்கு எஞ்சியது மேற்கட்டி மட்டுமே. இனி, மெய் வானத்தில் திங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வானைச் சுற்றி மீண்டும் உரோகிணியை அடைய அதற்கு 27 நாள்களுக்குச் சற்று மேலாகும். ஓரிரவு அருகிருந்துவிட்டு நகர்ந்துவிடும். ஓவியத் திங்களுக்கோ நகர்வு இல்லை. பிரிவு நிகழும் வானத்தைத் தெரிந்தவள், பிரிவே இல்லாத வானத்தைப் பார்க்கிறாள். பெருமூச்சு அந்த இடைவெளியிலிருந்து பிறக்கிறது. வெளி வானை அறியாதவளாயின் மேற்கட்டி அவளுக்கு வெறும் அலங்காரத் துணியாகவே இருந்திருக்கும்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் மணம் நீல விதானத்தின்கீழ், முத்துகள் அணிசெய்த பந்தலில் நிகழ்கிறது. நீலமும் முத்துமாகப் பந்தலே இரவு வானத்தை ஒத்திருக்க, வெளியே திங்கள் உரோகிணியைக் கூடும் நாள் அது என்று இளங்கோவடிகள் நாளையும் குறிக்கிறார். உள்வானும் வெளிவானும் அங்கே ஒத்திசைகின்றன. இன்று திருமண மண்டபங்களில் காலைப் பொழுதில் மணமக்களுக்கு அருந்ததி காட்டப்படுகிறது. மின்விசிறி சுழலும் கூரையை அண்ணாந்து நோக்கி, இருவரும் கண்டதாகத் தலையசைக்கின்றனர். சுட்டும் விரல் எஞ்சியிருக்கிறது. சுட்டப்பட்ட மீன் மறைந்துவிட்டது.

மூன்றாவது சான்று இம்மண்ணுக்கே உரியது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துள்ளது. அவன் பாணர்க்கு விருந்திடும் பொற்கலத்தை, கோள்மீன்கள் சூழ்ந்த இளஞாயிற்றோடு ஒப்பிடுகிறார் நல்லூர் நத்தத்தனார். அண்ணாந்து பார்த்த வானம் உண்கலத்தில் இறங்கிவிட்டது. இதனைக் கொண்டு கோப்பர்னிக்கசுக்கு முன்பே தமிழர் ஞாயிற்று மையக் கொள்கையைக் கண்டனர் என்று வாதிடுவது மிகையாகும். ஞாயிற்றையும் கோள்களையும் ஒருங்கே மனத்தில் நிறுத்தி நோக்கும் பழக்கம் புலவர்க்கு இருந்தது என்ற அளவில் கொள்வதே சாலும். அதுவே போதிய பெருமையும் ஆகும். கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் தாங்கிய புலவர் மூவரின் பாடல்கள் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் உள்ளன. திண்டிவனத்துக் கவிஞர்கள் அவர்தம் வழியில் வருவோர்.

தரையில் விரித்த வானம்

கூரையில் மட்டுமன்றித் தரையிலும் வானை விரித்தவர்கள் இவ்வட்டாரத்தில் இருந்தனர். வெள்ளிக் கோள் ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காணப் பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தில் புதுவையில் காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில் முகில் மறைத்தது; அவர் கண்டிலர். ஆயினும் அங்கிருந்த தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுச் சென்று எழுதினார்.

பின்னர் ஜான் வாரன் என்பார் புதுவையில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அக்கணிதர் கிளிஞ்சல்களைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31, சூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணம் அது. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே அவர் கணக்கு வேறுபட்டது. ஏடும் எழுத்தாணியும் இன்றி வீட்டுத் தரையில் கிளிஞ்சலால் வானை இயக்கிய அம்முறையும் ஒரு வீட்டுக் கோளரங்கமே. அதன் வட்டு மனிதனின் நினைவில் இருந்தது. அதன் பிழையை வெளி வானம் திருத்தியது.

பன்னிரண்டு பாகை

வெளிநாட்டுக் கருவியின் வானத்தை அப்படியே இவ்வூர் வானமாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. வடதுருவத்தை நடுவாகக் கொண்ட வட்டில் துருவ மீன் கூரையின் மையத்தில் நிற்கும். விழுப்புரமும் திண்டிவனமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளன. ஆகவே இங்குத் துருவ மீன் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில், பனைமரத் தலைகளுக்கு அருகே மங்கலாகத் தோன்றும்.

அதற்கு ஈடாக இம்மண்ணுக்குத் தென்வானம் வாய்த்திருக்கிறது. அகத்தியர் மீன் மாசி மாத முன்னிரவில் தெற்கே 25 பாகை உயரத்தில் ஒளிரும். தென்சிலுவை வைகாசித் தொடக்கத்தில் தென்னடிவானத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அருந்ததி வைகாசி இரவு 9 மணியளவில் வடக்கே, எழுமீன் கூட்டத்தின் வசிட்டனுக்கு அருகில் இருக்கும். தைப்பொங்கல் இரவு 9 மணிக்கு உரோகிணி தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து 5 பாகைக்குள் வந்து நிற்கும். மழை நீங்கி வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் காலம் அது. நக்கீரரின் அரசி துணியில் கண்டதை எவரும் மொட்டை மாடியில் பாய் விரித்துக் காணலாம்.

கவிஞர் கடன்

அப்படியாயின் வீட்டுக் கருவியை ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அது ஒரு நிகண்டு. நிகண்டு கவிதையாகாது, எனினும் நிகண்டு கற்ற புலவன் சொல்லுக்கு அலைவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் அடைத்துக் கிடக்கும்போது, விழுப்புரம் சந்திப்பின் விளக்குகளும் திண்டிவனத்து நெடுஞ்சாலை விளக்குகளும் சிறு மீன்களை அழிக்கும்போது, மெய்யான படம் கொண்ட கருவி பெயர்களைக் கற்பிக்கும். அது வாங்க இயலாதவர்க்குப் பால்மாவுத் தகர டப்பாவே போதும். அதன் அடியில் ஆணியால் எழுமீனின் வடிவில் ஏழு துளை இட்டு, ஒளி மிக்க மீனுக்குச் சற்றுப் பெரிய துளையாக அமைத்து, உள்ளே சிறு விளக்கை வைத்தால் கூரையில் எழுமீன் தோன்றும். வடிவு வலமிடம் மாறாதிருக்கத் துளைகளை இடும் முன் படத்தைக் கூரையோடு ஒப்பிட்டுக் கொள்ள வேண்டும். அவ்வளவே.

கற்றதை வெளியே சென்று சரிபார்ப்பது இன்றியமையாதது. கூரையில் கண்ட உரோகிணியை வானில் தேடிக் காணும் கணத்தில்தான் அப்பெயர் ஒருவருக்குச் சொந்தமாகிறது. மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்திலும் செஞ்சிக் குன்றுகளின் பின்புறத்திலும் இருள் இன்னும் மிச்சமிருக்கிறது. அதுவும் குறைந்து வருகிறது. ஒரு தலைமுறை பெயர்களை மறந்துவிட்டால், நெடுநல்வாடையின் பெருமூச்சு உரையாசிரியரின் குறிப்பிலன்றி வேறெங்கும் கேட்காது.

பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், தைத் திங்களின் ஒரு கூட்டத்தை மாடியில் நடத்தலாம். முதல் அரைமணி நேரம் கூடத்தில் கருவியோ தகர டப்பாவோ காட்டும் வானம், அடுத்து விளக்கணைத்த மொட்டை மாடி, அதன்பின் கவியரங்கம். ஒவ்வொரு கவிஞரும் ஒரே ஒரு மீனையாவது பெயரும் திசையும் அறிந்து பாடட்டும். கிடங்கிற் புலவர்கள் அண்ணாந்து நோக்கிய அதே வானத்தின்கீழ், பெயர் தெரிந்த மீன்களோடு இவ்வட்டம் பல்லாண்டு வளர்க.