ரிப்போர்ட் வரும் வரை

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போய், சிறுநீர்ப்பைக் கட்டியை ஆபரேஷனில் அகற்றிவிட்டு வீடு திரும்பியாயிற்று. இனி பயாப்ஸி ரிப்போர்ட் வர வேண்டும். ஆபரேஷனைவிட இந்தக் காத்திருப்புதான் பலரை வாட்டுகிறது. போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது.

எடுத்த சதைத்துண்டு என்ன ஆகிறது தெரியுமா? முதலில் ஃபார்மலினில் ஊறும். பிறகு ஆல்கஹாலால் அதன் ஈரத்தைப் போக்கி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவார்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பிறகே மைக்ராஸ்கோப். செல்களின் வீரியம் எவ்வளவு, கட்டி தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கூடுதல் சாயப் பரிசோதனை. அதற்கும் நாள் பிடிக்கும். தாமதம் என்றாலே கெட்ட செய்தி அல்ல. புற்றுநோய் என்றே வந்தாலும் மனம் தளர வேண்டாம்; புதிதாகக் கண்டறியப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தசைக்குள் இறங்காதவை.

மலையாள நடிகர் இன்னசென்ட் 2012-ல் தமக்கு வந்த புற்றுநோயை மறைக்கவில்லை. 'கான்சர் வார்டிலே சிரி' என்று புத்தகமே எழுதினார். நீங்களும் வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பயத்தை ஒற்றை ஆளாய்ச் சுமக்க வேண்டாம்.

ரிப்போர்ட் என்றைக்கு வரும், யாரிடம் கேட்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதற்காரணம் புகைதான். சிறுநீர் அடைத்தாலோ, இரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.