தப்பறை எது?

(எண்ணூர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கதார்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா?"

கதார்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு பிரான்சில் வாழ்ந்தவர்கள். புதிய ஏற்பாட்டை வாசித்தார்கள், இயேசு கற்றுத்தந்த ஜெபத்தைச் சொன்னார்கள், தங்களை நல்ல கிறிஸ்தவர்கள் என்றார்கள். ஆனால் கண்ணால் காணும் இந்த உலகத்தைப் படைத்தது தீய சக்தி என்று நம்பினார்கள். அதனால் இயேசு சதையும் இரத்தமுமாக வந்தார் என்பதை மறுத்தார்கள். நற்கருணையை மறுத்தார்கள். சிலுவையை வணங்க மறுத்தார்கள். திருச்சபை இதைத் தப்பறை என்றது. போப் மூன்றாம் இன்னசென்ட் அழைப்பில் திரண்ட சிலுவைப்படை 1209இல் பெசியே நகரத்தில் படுகொலை நடத்தியது. 1244இல் மோன்செகூரில் சுமார் 200 பேரை உயிரோடு எரித்தார்கள்.

கதார் என்ற பெயருக்கு மூலம், 'தூய்மை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். தூய்மை என்றாலே நமக்குச் சந்தேகம் வரும். ஆனால் அவர்களுடைய தூய்மை பிறப்பால் வந்ததல்ல. தலையில் கைவைத்துத் தரும் ஒரு சடங்காலும் கடும் நோன்பாலும் வந்தது. பெண்களும் அதைப் பெற்றார்கள்.

பிறப்பால் வரும் தூய்மை நம்மூரில் இருந்தது. அதைத் திருச்சபை என்ன செய்தது? மதுரையில் ராபர்ட் டி நொபிலி, மதம் மாறிய பிராமணர்களுக்குப் பூணூலும் குடுமியும் இருக்கட்டும் என்று வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அதை அனுமதித்தார். வடக்கன்குளம் தேவாலயத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையே சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. சாதிப் பிரிவினை வேண்டும் என்றவர்கள் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

என் தாத்தாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலும் நடுவே ஒரு சுவர் உண்டு. "செத்தவங்களுக்குமாம்மா?" என்று சிறுவயதில் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தார்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா?

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருச்சபையின் விசுவாசப்படி கதார்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, தப்பறைக்காரர்கள். அவர்கள் வாய்மொழிப்படி அவர்களே உண்மைக் கிறிஸ்தவர்கள். படைப்பைப் பற்றித் தவறாக நம்பியவர்களை எரித்த சபை, மனிதரைப் பிறப்பால் பிரித்தவர்களுக்குத் தனி இடம் கட்டிக்கொடுத்தது. எது பெரிய தப்பறை?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊருக்குப் போகிறவர்கள் அங்கே சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்: "சாமி, இது விசுவாசப் பிரமாணத்தில் எந்த வரியில் இருக்கிறது?"