முதுமையில் தசையின் நிலையை அல்ட்ராசவுண்ட் மூலம் அறிதல்



எடை பார்க்கும் கருவி ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. பத்து ஆண்டுகளாக ஒரே எடையில் இருப்பவரின் தொடையிலும் தசை குறைந்து, கொழுப்பு கூடியிருக்கக்கூடும். கைப்பிடியைப் பற்றாமல் படியேற முடியாத நாளில்தான் வீட்டார் அதைக் கவனிக்கின்றனர். அப்போதும் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகின்றனர்.

கருவுற்ற தாய்மார்க்குச் செய்யும் அதே அல்ட்ராசவுண்ட் பரிசோதனை தசையையும் காட்டும். அதில் கதிர்வீச்சு இல்லை. தொடையில் கூழ் தடவிக் கருவியை வைத்தால் தசையின் தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கலாம். அழுத்தினால் தசை நசுங்கி மெலிந்ததாகத் தோன்றும். ஆகவே மெல்லத் தொட்டுப் பிடிப்பதே இதில் கைத்திறன். நல்ல தசை படத்தில் கருமையாகத் தெரியும். கொழுப்பும் நார்த்திசுவும் ஊடுருவிய தசை வெளிறியிருக்கும்.

பிரிட்டனில் ஆர்ச்சி யங் குழுவினர் எழுபது வயதைக் கடந்த நலமான பெண்களை இருபதுகளில் உள்ள பெண்களோடு ஒப்பிட்டு 1984இல் ஆய்வு வெளியிட்டனர். அல்ட்ராசவுண்ட் அளவின்படி மூத்தோரின் முன்தொடைத் தசைப் பரப்பு 33 விழுக்காடு குறைவு. வலிமை 35 விழுக்காடு குறைவு. மறு ஆண்டு ஆண்களிடம் கண்டதோ வேறு: பரப்பில் 25, வலிமையில் 39. எஞ்சிய தசையும் முன்போல் உழைப்பதில்லை என்பதே இதன் பொருள்.

இத்தேய்வுக்கு 1989இல் சார்கோபீனியா என்று பெயரிட்டவர் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க். 2016 அக்டோபர் முதல் இந்நாட்டு நோய்க் குறியீட்டில் இதற்கு எம் 62.84 என்ற தனி எண் உண்டு. ஆகவே மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேட்கலாம்.

படம் எடுக்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை என்கிறது ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறை. தள்ளாடுவோர் அருகில் துணையோடு செய்க.

இழந்ததை மீட்க இயலுமா? பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதினர் எட்டு வாரம் கால்களுக்குப் பளுப்பயிற்சி செய்தனர். கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசைப் பரப்பு 9 விழுக்காடு வளர்ந்ததை சி.டி. படம் காட்டியது. 1990இல் வெளியான ஆய்வு இது. நியூ ஜெர்சிக் குளிர்காலத்தில் வணிக வளாகத்தில் நடப்பது நன்றே. ஆனால் தசைக்குப் பளுவும் வேண்டும், ரசஞ்சோற்றோடு பருப்பு, தயிர், முட்டை போன்ற புரதமும் வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குக.