அயல்மொழிப் படத்தில் நம் வீட்டு மணியார்டர்

சான்பாடா குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை



இந்த மாதம் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் நம்மில் சிலர் முகம் சுளித்தார்கள். “நம் ஜனங்களுக்கு ஏற்கெனவே சினிமாப் பைத்தியம், இதில் வெளிநாட்டுப் படம் வேறா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப் படம் போட்டால் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் திரண்டு போய் வரிசையில் நின்ற காலத்தை நாம் மறந்துவிடவில்லை. நடிகரைப் பார்க்க மட்டுமா போனோம்? நாளெல்லாம் மராத்தியும் இந்தியும் கேட்டுச் சலித்த காதுக்கு இரண்டரை மணி நேரம் தாய்மொழி கிடைக்கும் என்றுதான் போனோம். அதில் குற்றம் ஏதுமில்லை.

ஆனால் நம் மொழி பேசாத படமொன்றில் நம் வாழ்க்கையே இருந்தால் அதை நமக்கு யார் காட்டுவது? வெளிநாட்டுப் படம் என்றால் அடிதடி, இல்லையேல் ஆபாசம் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். அது வியாபாரிகள் இங்கே கொண்டுவந்து இறக்கிய சரக்கு. உலகத்துப் பாட்டாளிகளைப் பற்றி எடுத்த படங்கள் வேறு.

1952 ஜனவரியில் இதே பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. அதில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படத்தைக் காட்டினார்கள். விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த படம். யுத்தம் முடிந்த ரோம் நகரில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில். வீட்டுக்காரி கட்டில் விரிப்புகளை உருவி அடகு வைத்து அதை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் பார்க்க அடி வாங்குகிறான். அவ்வளவுதான் கதை. தாலிக்கொடியை மார்வாடி கடையில் வைத்து வேலைக்கு முன்பணம் கட்டிய வீடு நம்மில் எத்தனை! அவர்களுக்கு இந்தப் படத்தை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அந்தத் தகப்பனாக நடித்தவர் நடிகரல்ல, ஆலைத் தொழிலாளி. படம் உலகப் புகழ் பெற்ற பிறகு அவர் திரும்பவும் ஆலைக்கே போனார். பின்னர் அங்கிருந்தும் ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டார். அதைக் கேட்கும்போது படத்தைவிட அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. விழாவில் இப்படத்தைப் பார்த்த பிமல் ராய், மறு ஆண்டே நிலத்தை மீட்கக் கல்கத்தா போய்க் கைரிக்‌ஷா இழுக்கும் குடியானவனின் கதையை ‘தோ பீகா ஜமீன்’ என்று இந்தியில் எடுத்தார்.

இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு படம். பெயர் ‘மண்டாபி’. மண்டாபி என்றால் மணியார்டர்! ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டவரான உஸ்மான் செம்பேன் 1968-இல் எடுத்தது. அவர் யார் தெரியுமா? மீன்பிடிப்பவரின் மகன். பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போய் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே முதுகெலும்பு அடிபட்டுப் படுத்தவர். தொழிற்சங்கத்தில் சேர்ந்து படித்தவர். முதலில் நாவல்தான் எழுதினார். தம் மக்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாதே, எழுதி யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து, நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய்ச் சினிமாத் தொழில் கற்றார். சினிமா நம் ஜனங்களுக்கு இரவுப் பள்ளிக்கூடம் என்பது அவர் கருத்து. இதோ பக்கத்து வாஷி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும் தோழர்களே, அவர் உங்கள் ஆள்!

படத்தின் கதையைச் சொல்கிறோம். இப்ராகிமா என்று ஒரு வேலையில்லாத குடும்பஸ்தன். பாரிசில் தெருக் கூட்டும் மருமகன் மணியார்டர் அனுப்புகிறான். பெரும்பகுதி தன் சேமிப்புக்கு, கொஞ்சம் தன் தாய்க்கு, மிச்சம் மாமனுக்கு. பணம் கைக்கு வருமுன்னே வீட்டில் அரிசி கடனாக வந்து இறங்குகிறது. தெருவே கைமாற்று கேட்டு வந்து நிற்கிறது. தபாலாபீசில் அடையாளச் சீட்டு கேட்கிறார்கள். அதற்குப் போனால் பிறப்புச் சான்றும் புகைப்படமும் முத்திரைத் தலையும் வேண்டும் என்கிறார்கள். பிறப்புச் சான்றுக்குப் போனால் பிறந்த தேதி என்ன என்கிறார்கள். அவன் தோராயமாக ஒரு வருடம் சொல்கிறான். குமாஸ்தா சிரிக்கிறான். படம் பிடிப்பவன் பணத்தை வாங்கிக்கொண்டு படம் தரவில்லை. கடைசியில் கோட்டுப் போட்ட உறவினன் ஒருவன், “பவர் எழுதிக் கொடு, நான் வாங்கித் தருகிறேன்” என்கிறான். வாங்கிக்கொண்டு, பிக்பாக்கெட்டில் போய்விட்டது என்று சொல்லி ஒரு மூட்டை அரிசியைத் தருகிறான்.

தோழர்களே, இது செனகல் கதையா? திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் மாதாமாதம் மணியார்டர் எழுதியவர்கள் நாம். பணத்தின் வாலில் இரண்டு வரி விசாரிப்பு எழுத இடமிருந்த அந்தப் பழைய காகித மணியார்டரை 2015-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் காகிதத்தின் ஆட்சி நின்றதா? நம் ஊரில் அப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் நிற்கும். இந்த மாநிலத்துப் படிவத்திலோ தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். குடும்பப் பெயருக்கு எங்கே போவது? ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயர், இன்னொன்றில் தாத்தா பெயர், மூன்றாவதில் குமாஸ்தாவுக்குத் தோன்றிய பெயர்! மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நம்மில் ஒரு தாய் ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தார். ஏழு நாள் கூலி போயிற்று. தாராவிச் சீரமைப்பில் இன்று கேட்கும் கேள்வியும் இதுவே: 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு என்ன காகிதம்? அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதில் அதே தாராவியில் இலவச வீடா, ஊருக்கு வெளியே விலை கட்டி வாங்கும் வீடா என்பது அடங்கியிருக்கிறது. “பவர் எழுதிக் கொடு” என்கிற கோட்டுக்காரர்களுக்கு இங்கும் பஞ்சமில்லை. அதனால்தான் இந்தப் படத்தை நம் குடும்பங்கள் பார்க்க வேண்டும் என்கிறோம்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். 1925-இல் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘போர்க்கப்பல் பொடெம்கின்’ பேசாத படம், மொழித் தொல்லையே இல்லை. புழு நெளியும் இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகளின் எழுச்சி. பம்பாய்க்காரருக்கு உடனே 1946 பிப்ரவரி நினைவு வரும். கெட்டுப்போன உணவையும் வெள்ளை அதிகாரியின் வசவையும் எதிர்த்து ‘தல்வார்’ கடற்படைத் தளத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆலைத் தொழிலாளர்கள் ஆதரவாக இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இந்நகரத் தெருக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மற்றது கொரியப் படமான ‘பாரசைட்’, 2019. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கும் படமல்ல. பணக்கார வீட்டில் வேலை செய்யும் குடும்பத்தின் பாதாள அறை ஒரே மழையில் மூழ்குகிறது. எஜமானிக்கோ அந்த மழை மறுநாள் விருந்துக்கு வானத்தைக் கழுவிக் கொடுத்த மழை. 2005 ஜூலை 26 அன்று இடுப்பளவு நீரில் குர்லாவைக் கடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் உடையின் வாடை பற்றி எஜமானர் மூக்கைச் சுளிக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

“கீழே ஓடும் ஆங்கில எழுத்தை யார் படிப்பது?” என்று தாய்மார்கள் கேட்டார்கள். பேசாப்பட காலத்தில் ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். நம் கொட்டகைகளிலும் அப்படி ஆள் வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். அவர்கள் தமிழில் சொல்லட்டும். தமிழ் தடுமாறினால் பாட்டிமார் திருத்தட்டும், அதுவும் ஒரு பாடம்தான்.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை இதே இடத்தில் ‘மண்டாபி’ காட்டப்படும். கட்டணம் கிடையாது. படம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்துவிட வேண்டாம். ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வீட்டு மின்சார ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெயரும் தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று வரிசையாக உட்கார்ந்து பார்த்து, பிழை உள்ளவற்றுக்கு அன்றே மனு எழுதத் தொடங்குவோம். எழுதத் தெரிந்த இளைஞர்கள் பேனாவோடு வரவும்.