ஒரு குளமும் பல ஊர்களும்

வன்னிப் பெருநிலத்தில் ஊரின் வாழ்வு குளத்தோடு பிணைந்தது. சேமமடுப் பகுதியில் தோன்றி வடக்கு நோக்கி வரும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிகுநீரைச் சுண்டிக்குளம் கடல்நீரேரியிற் சேர்க்கின்றது. வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம் முதலிய ஊர்களின் வயல்கள் அக்குளத்தின் நீரால் விளைகின்றன. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் பெருமழையால் அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அவ்வெள்ளத்தால் பல்லாயிரவர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

இத்தகைய வேளையில் இரண்டு வினாக்கள் எழும். இக்குளத்தோடு தொடர்புடைய ஊர்கள் யாவை என்பது ஒன்று. இவ்வூரோடு தொடர்புடைய குளங்கள் யாவை என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு உடனே விடை தரும் பதிவு, இரண்டாவதற்கும் அவ்வாறே விடை தரும் என்று எண்ணுவது தவறு.

இன்று இத்தகைய செய்திகளைக் கணினியில் வரைபுத் தரவுத்தளமாக அமைக்கலாம். அதில் பொருள்கள் புள்ளிகளாகவும், அவற்றிடையே உள்ள உறவுகள் கோடுகளாகவும் பதியப்படும். குளம் ஒரு புள்ளி என்று கொள்க. அதன் ஊர்களையெல்லாம் அப்புள்ளியினுள்ளேயே ஒரு பட்டியலாக எழுதிவிடுதல் எளிது. கணினி நூலார் இதனை 'அணி' என்பர்.

இடர்ப்பாடு தேடும்போதுதான் தோன்றும். விரைந்து தேடுவதற்குக் கணினி ஓர் அடைவை வைத்திருக்கும். நூலின் இறுதியில் அகர வரிசையில் அமையும் சொல்லடைவு போன்றது அது. நியோ ஃபோர் ஜே என்னும் வரைபுத் தரவுத்தளத்தின் சாதாரண அடைவு, பட்டியல் முழுவதையும் ஒரே சொல்லாகக் கருதுகின்றது. 'வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம்' என முழுப் பட்டியலையும் கொடுத்தால் குளம் கிடைக்கும். முரசுமோட்டை என்று மட்டும் கேட்டால் அடைவு உதவாது. ஒவ்வொரு குளத்தின் பட்டியலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தே கணினி விடை காணும். குளங்கள் பத்தாயின் அது பொருட்டன்று. பல்லாயிரமாயின் காலம் வீணாகும்.

போஸ்ட்கிரெஸ் போன்ற வேறு சில தரவுத்தளங்களில், பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அடைவிற் சேர்க்கும் வசதி உண்டு. வரைபுத் தரவுத்தளத்துக்கு உரிய வழி வேறு. ஒவ்வோர் ஊரையும் தனிப் புள்ளியாக்கி, ஊர்ப்பெயருக்கு அடைவு அமைத்து, குளத்தோடு கோட்டால் இணைத்தல் வேண்டும். அப்பொழுது முரசுமோட்டையை அடைவு காட்டும். அங்கிருந்து செல்லும் கோடுகள் குளங்களைக் காட்டும். கோடு தானும் செய்தி தாங்கும்: நீர் வருவது இடது கரை வாய்க்காலாலா, வலது கரை வாய்க்காலாலா என்பதை அதன்மீதே குறிக்கலாம். பட்டியலில் இருந்த வரிசைமுறை தேவையாயின், அந்த எண்ணையும் கோட்டில் இடலாம்.

இதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஓர் ஊருக்கு ஒரு புள்ளியே இருத்தல் வேண்டும். ஒருவர் 'வட்டக்கச்சி' என்றும் மற்றொருவர் 'வட்டகச்சி' என்றும் எழுதினால் ஓர் ஊர் இரண்டாகி, ஒன்றின் செய்தி மற்றொன்றுக்கு எட்டாமற்போகும்.

எப்போதும் முழுமையாகவே படிக்கப்படும் சிறு பட்டியலைப் பட்டியலாகவே விடுவதில் குற்றமில்லை. அதன் உறுப்பொன்றைக் கொண்டு தேட வேண்டுமாயின், அவ்வுறுப்புக்குத் தனியிடம் தருதல் வேண்டும். வெள்ளம் வரும் இரவில் வினா, குளக்கட்டிலிருந்து மட்டுமன்று, ஊரிலிருந்தும் எழும். அவ்வினாவை முன்னரே எண்ணி எழுதப்பட்ட பதிவே மக்களுக்குப் பயன்படும்.