சட்டக் கல்லூரி இடம்: சேருவதா, ஒரு வருஷம் பொறுப்பதா?

பேசுவதற்குச் செயலாளர் ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு வெளியூரில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் இடம் கிடைத்த அதே வாரம், அவள் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். "ஒரு வருஷம் அப்பா கூடவே இருக்கேம்மா, சீட்டை மட்டும் பிடிச்சு வைங்க" என்றாள். பணம் கட்டிவிட்டோமே, இடம் எங்கே போய்விடும் என்று நானும் நினைத்தேன்.

அமெரிக்காவில் ஹார்வர்டு போன்ற இடங்களில், காரணம் சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். இங்கே அரசு சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கம் இல்லை. இடத்தை விட்டால் அடுத்த வருஷம் புது விண்ணப்பம், புதுத் தரவரிசை. மார்க் அதேதான், கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

பேருக்குச் சேர்ந்துவிட்டு வீட்டில் இருக்கவும் முடியாது. பார் கவுன்சிலின் 2008 விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். "பிடிக்காவிட்டால் மூணு வருஷத்தில் பி.ஏ. வாங்கிட்டு வந்துரலாம்" என்று உறவுக்காரர் ஒருவர் தைரியம் சொன்னார். அதே விதிகள் அதையும் தடுக்கின்றன. நடுவில் வெளியேறினால் கையில் எந்தப் பட்டமும் இருக்காது.

கடைசியில் இடத்தை விட்டோம். அவள் அழுதாள், நானும்தான். யுஜிசி 2018-ல் அறிவித்தபடி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் ஏறக்குறைய முழுக் கட்டணமும் திரும்பும். கடைசித் தேதி கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. நாங்கள் தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியதில் பாதிதான் வந்தது. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுச் சுற்றறிக்கை வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் பி.ஏ. படித்தாள். இப்போது மூன்றாண்டு சட்டப் படிப்பில் இருக்கிறாள். அதற்குப் பொதுப் பிரிவில் பட்டப் படிப்பில் 45 சதவீதம் வேண்டும். மொத்தம் ஆறு வருஷம், ஒன்றுதான் கூடுதல். நம்ம வ.உ.சி.யே ஒட்டப்பிடாரம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுத்தான் திருச்சிக்குச் சட்டம் படிக்கப் போனார்.

வயது வரம்பு பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். அதை 2017 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

சனி, ஞாயிறு மகள் வீட்டில்தான் இருப்பாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.