‘மிலிட்டரிக்காரருக்கே இப்படியா?’

(திருவண்ணாமலை வேங்கிக்காலில் ‘டேக்கிங் சான்ஸ்’ படத் திரையிடலுக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இங்கே வந்து நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தோழர், “ஈராக் போருக்கு வெள்ளையடிக்கிற படம் இது, இதுக்குப் போய் அழலாமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2004 ஏப்ரலில் ஈராக்கில் கொல்லப்பட்ட சான்ஸ் ஃபெல்ப்ஸ் என்ற 19 வயது மரைன் வீரரின் உடலை, டோவர் விமானப்படைத் தளத்திலிருந்து வயோமிங் மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர் வரைக்கும் ஓர் அதிகாரி துணையாக இருந்து கொண்டுபோகிறார். அவ்வளவுதான் கதை. அந்தப் பையன் எதற்காக ஈராக்குக்கு அனுப்பப்பட்டான், அங்கே செத்த ஈராக்கியர்களின் உடல்களை யார் எங்கே கொண்டுபோனார்கள் என்று படம் கேட்பதே இல்லை. டோவரில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படம் பிடிக்க ஊடகங்களுக்கு 1991 முதல் தடை இருந்தது. 2009 பிப்ரவரியில் இந்தப் படம் ஒளிபரப்பான அதே மாதத்தில்தான் அந்தத் தடையை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அழுதேன்.

எந்த இடத்தில் அழுதேன் என்று சொல்கிறேன். சவப்பெட்டி மூடியே இருக்கப்போகிறது, யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் உள்ளே இருப்பவருக்குச் சீருடையை ஒரு சுருக்கம் இல்லாமல் தயார் செய்கிறார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். நெடுஞ்சாலைக் காட்சியில்தான் உடைந்துவிட்டேன். சடல வண்டியைக் கடந்து போகும் கார்க்காரர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டு, ஒவ்வொருவராக முகப்பு விளக்கைப் போட்டு முன்னும் பின்னும் வரிசையாகச் சேர்ந்துகொள்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். யாரும் செத்தவன் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பாதை தானாகத் திறந்துகொண்டது.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். என் சித்தப்பா ராணுவத்தில் பொறியாளர் படைப்பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, இதுதான் அந்தப் பிரிவின் வேலை. வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள் என்பதையும், பிறகு ‘வீர இனங்கள்’ என்று ஒரு கோட்பாட்டைச் சொல்லித் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் படையின் கதவைச் சாத்தினார்கள் என்பதையும் எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அம்பேத்கரின் அப்பா சுபேதார் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. காலனியில் எங்கள் வீட்டுக்குப் பெயரே ‘மிலிட்டரிக்காரர் வீடு’. கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளையில் அவர் நம்பர், உள்ளே பதக்கங்கள்.

அவர் விடுப்பில் வந்தால் ஊர்த்தெருக்காரர்கள் காலனி முனை வரை வருவார்கள். “மிலிட்டரி, ரெண்டு பாட்டில் எடுத்து வை” என்பார்கள். கேன்டீன் ரம். சித்தப்பாவைவிடச் சின்னப் பையன்கூட அப்படித்தான் பேசுவான். அவர் கொடுப்பார். பாட்டிலுக்குத் தீட்டு இல்லை.

2011 கார்த்திகையில், மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். ஊர் நடுவே தார்ச்சாலை போகிறது. அதில் போனால் சுடுகாடு கால் மணி நேரம். அந்த வழியாக எங்கள் பிணம் போகக்கூடாது. கால்வாயில் இறங்கி, வரப்பேறி, நட்ட வயலுக்குள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அன்று கால்வாயில் இடுப்பளவு தண்ணீர். அவரோடு பணியாற்றி ஓய்வு பெற்ற இரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்து வாசலில் சல்யூட் அடித்தார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கால்வாய்ப் பக்கம் திரும்பியதும், அவர்களில் ஒருவர், “ரோடு அந்தப் பக்கம் இருக்கே?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டவருக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது.

பெண்கள் கால்வாய்க் கரையோடு நின்றுவிட வேண்டும். நான் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றில் ஒருவர் கால் வழுக்கிப் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். மாலை தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதிமூன்று பதினான்கு வருடம் கழித்து, எங்கோ அமெரிக்காவில் கார் விளக்குகள் எரிவதைப் பார்த்து அழுகிறேன். ஒரு படம் நம்மிடமிருந்து எதை வெளியே கொண்டுவருகிறது என்பதைப் படம் எடுத்தவர்களால் தீர்மானிக்க முடியாது போலிருக்கிறது.

அன்று கரையில் நின்றபோது என் வாயில் வந்த வாக்கியம், “மிலிட்டரிக்காரருக்கே இப்படியா?” என்பது. அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் நடந்த தாக்குதலில் சிஆர்பிஎஃப் வீரர்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் வீர் சிங், உத்தரப்பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்துக்காரர், நட் என்ற பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். உடல் ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்க வேண்டும், சிலை வைக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டது. ஆதிக்கசாதியினர் முடியாது என்றார்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேசிய பிறகு பத்துக்குப் பத்து மீட்டர் இடம் கிடைத்தது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி பக்கத்தில் இருக்க, இடத்துக்குப் பேரம்.

நம் நாட்டில் மட்டும் இல்லை. கொரியப் போரில் 1950இல் இறந்த ஜான் ரைஸ் என்ற செவ்விந்திய வீரரை அடக்கம் செய்ய 1951இல் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். சடங்கு முடிந்து, பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் நிர்வாகம் நிறுத்திவிட்டது. வெள்ளையருக்கு மட்டுமே அங்கே இடம். அதிபர் ட்ரூமன் தலையிட்டு ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இடம் கொடுத்தார். படத்தில் நாம் பார்த்த அதே நாடுதான். அந்த நெடுஞ்சாலையில் எல்லோருக்கும் எப்போதும் விளக்கு எரிந்துவிடவில்லை.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நாம் எல்லோரும் சொல்வது என்ன? “நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவருக்கே இப்படியா?” ‘வீரருக்கே’ என்பதில் இருக்கும் அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். மற்றவர்களுக்கு நடந்தால் அது வழக்கம்தானே என்று அது சொல்லாமல் சொல்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே போக விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ பார்த்திருப்பீர்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அவர் ராணுவ வீரர் இல்லை. அவருக்கு அந்த ஏகாரம் கிடைக்காது. 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. கடைசியில் போலீஸே உடலை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய்ப் புதைத்தது. அவரும் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை.

சாதியைக் கேட்பதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. புல்வாமாவில் 40 பேர் கொல்லப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்று ‘கேரவன்’ இதழ் எழுதியது. வீரர்களின் சாதியைத் தோண்டலாமா என்று ஒரே கூச்சல். 2024இல் ‘அமரன்’ வந்தபோது மேஜர் முகுந்தின் சாதியைப் படம் ஏன் சொல்லவில்லை என்று வேறு சிலர் சண்டை போட்டார்கள். நான் தியேட்டரில் ‘அமரன்’ பார்த்தேன், அங்கேயும் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் நகலா கேவல் என்ற அந்தக் கிராமத்தில் வீர் சிங்கின் சாதியை யாரும் கட்டுரை எழுதித் தோண்ட வேண்டியிருக்கவில்லை. பெட்டி வந்து இறங்கும் முன்பே ஊருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. போன மாதம் சித்தி என்னைக் கூப்பிட்டு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு எழுதித் தரச் சொன்னார். நான் ஆய்வு மாணவி இல்லையா, ரொம்ப யோசித்து எழுதினேன். “இந்திய ராணுவத்தில் பணியாற்றிய ஹவில்தாரின் உடலையே சேற்றில் சுமந்து சென்ற அவலம்…” என்று முதல் வரி. படித்துக் காட்டினேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அவரு பேரு எதுக்கும்மா? எங்க மாமியாரு போனப்பவும் அதே கால்வாய்தான். அவங்க இன்னா மிலிட்டரியா? களையெடுத்தவங்க. மொதல்ல அத எழுது. இவரு பேரு வேணும்னா கட்சீல போட்டுக்கோ.”

முதல் வரியை அடித்தேன். இப்போது மனு பாட்டியின் பெயரில் தொடங்குகிறது. அதற்கடுத்து, யார் யாரை அந்தக் கால்வாய் வழியாகக் கொண்டுபோனோம் என்று காலனியில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பெயர்கள். சித்தப்பா பதினேழாவது.

வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கக் காலனியிலிருந்து எல்லோரும் வேன் வைத்து வருகிறார்கள். கலெக்டர் ஆபீஸ் இங்கே வேங்கிக்காலிலேயே இருக்கிறது. முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள்.